குதிக்கால் நோவும் மலை ஓட்டமும்: அந்த ஊசிக்கு முதல் யாராவது சொல்லியிருக்கலாம்

2024 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை விடியக்காலை. கட்டிலை விட்டு இறங்கி இடது காலைச் சீமெந்துத் தரையில் வைத்ததும் குதிக்காலுக்குள் கண்ணாடித் துண்டு ஏறியது போல ஒரு நோ. உண்மையாகவே ஏதோ குத்திவிட்டது என்று லைட்டைப் போட்டுக் காலைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வரை கெந்திக் கெந்திப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதிப்பதற்குள் நோ கரைந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடவும் போய்விட்டேன். பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடியும் ஒரு தொந்தரவும் இல்லை. சும்மா ஒரு பிடிப்பு என்று நினைத்தேன். அடுத்த இரண்டு மாதமும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாயும் ஒரு வருட ஓட்டமும் போயின. இதே நோவோடு மலைப்பாதை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்கிற ஒருவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. இப்போது வயது 38. 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல மெல்ல ஓட்டமானது. அடுத்த வருடம் சித்தியின் மகன், என்னைவிடப் பத்து வயது இளையவன், "அக்கா, றோட்டில ஓடினது காணும், மலைக்கு வாங்கோ" என்று மாத்தளைப் பக்கம் நக்கில்ஸ் மலைத்தொடருக்குக் கூட்டிக்கொண்டு போனான். மானாப் புல்லுக்குள்ளால் போகிற ஒற்றையடிப் பாதை, கைவிடப்பட்ட ஏலக்காய்த் தோட்டம், குளிர்ந்த ஓடை, சப்பாத்துக்குள் ஏறும் அட்டை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வேறோர் உலகம். வகுப்பறை, சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம் எதுவும் இல்லாத நாலு மணித்தியாலம் அது. 2024 ஓகஸ்டில் அந்தப் பக்கத்தில் நடக்க இருந்த 25 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு, தைப்பொங்கல் முடிந்த கையோடு 9,500 ரூபாய் கட்டிப் பதிந்தேன்.

பிழை எங்கே தொடங்கியது என்று இப்போது பார்த்தால் துல்லியமாகத் தெரிகிறது. திருகோணமலையில் மலை ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்க ஏற்றம் கிடையாது. இருப்பது கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் அந்த றோட்டு ஒன்றுதான். விடிய ஐந்து மணிக்குப் போய், மான்கள் படுத்துக்கிடக்கிற இடத்தைத் தாண்டி மேலே ஓடி, இறங்கி, திரும்ப ஓடுவேன். ஜனவரியில் மூன்று தரம் ஏறியவள் மார்ச்சில் பத்துத் தரம் ஏறினேன். அது போதாதென்று, பாதம் உறுதியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளி மணலில் வெறுங்காலோடு ஓடினேன். ஏற்றமும் புதைமணலும் கெண்டைக்காலை இழுக்கும். கெண்டைக்கால் இறுகினால் குதிக்கால் அடியில் சுமை கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஆறுதலாகக் கூட்டியிருந்தால் கால் பழகியிருக்கும். நான் இரண்டையும் ஒரே மாதத்தில் கூட்டினேன். அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பாடவேளை சீமெந்துத் தரையில் நிற்கிறேன், அதுவும் சேலைக்குப் பொருத்தமான தட்டைச் செருப்போடு. ஓட்டப் பயிற்சிக் கணக்கில் இந்த நிற்பதை நான் ஒருநாளும் சேர்க்கவில்லை. உங்களில் ஆசிரியர், தாதி, கடையில் நிற்பவர் யாராவது இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பாதத்துக்கு எல்லாம் ஒரே கணக்குத்தான்.

இந்த நோவுக்கு பிளான்டர் ஃபாசியைட்டிஸ் என்று பெயர். குதி எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாத வளைவைத் தாங்குவது அதுதான். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப இழுபட்டால், குதி எலும்போடு ஒட்டியிருக்கிற இடத்தில் அது நைந்துபோகிறது. நித்திரையில் பாதம் கீழ்நோக்கிச் சரிந்து கிடப்பதால் நார் சுருங்கி விறைக்கும். விடிய முதல் அடி வைக்கும்போது திடீரென்று இழுபட்டு நோகும். நடக்க நடக்க இளகிவிடும். இதில் உள்ள பொறி அதுதான். ஓடும்போது நோவதில்லை, அதனால் ஓட்டத்தால் வரவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

ஏப்ரலில் பாடசாலை இடைவேளைக்குப் பிறகு எழும்பும்போதும் நோகத் தொடங்கியது. அப்போது செய்த காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, புதுச் சப்பாத்து. குதிக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசமே இல்லாத, இயற்கையாக ஓட வைக்கும் என்று சொல்கிற வகை. கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், 46,000 ரூபாய். அந்த வகைச் சப்பாத்தில் குதி தாழ்வதால் கெண்டைக்காலுக்கும் அடிநாருக்கும் வேலை கூடும். பழகின, நல்ல காலுக்கு அது சரியாக இருக்கலாம். நைந்த நாரோடு இருந்த எனக்கு இரண்டே கிழமையில் நோ இரட்டித்தது. இரண்டாவது, சப்பாத்துக்குள் போடுகிற, அளவெடுத்துச் செய்த உள்தட்டு, 18,000. அது கொஞ்சம் ஆறுதல் தந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கடையில் வாங்குகிற சாதாரண தட்டும் பெரும்பாலானோருக்கு ஏறக்குறைய அதே ஆறுதலைத் தரும் என்று பிறகுதான் அறிந்தேன். முதலில் விலை குறைந்ததைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, எக்ஸ்ரே. மே மாதம் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணிப் போனேன். படத்தைத் தூக்கிப் பிடித்து, "குதியில எலும்பு வளந்திருக்கு" என்றார். படத்தில் சேவல் முள்ளைப் போல ஒரு சின்னக் கூர். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த முள் சதைக்குள் குத்துகிறது என்று கற்பனை செய்துகொண்டு, அறுவைச் சிகிச்சை செய்தாலொழிய இனி ஓட்டம் இல்லை என்று அழுதேன். இவரிடம், அதாவது என் கணவரிடம்கூட, அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டத்தை விடு என்பார் என்ற பயம். யாராவது எனக்கு அந்த இரவு இதைச் சொல்லியிருக்கலாம்: ஒரு நோவும் இல்லாமல் நடந்து திரிகிற எத்தனையோ பேருடைய குதியில் அதே முள் இருக்கிறது. பெரும்பாலும் நோவுக்குக் காரணம் முள் இல்லை, நார்தான். முள் இருந்தபடியே நோ மாறிவிடும். என்னுடைய முள் இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது.

எக்ஸ்ரேயைப் பற்றி இன்னொன்று. எலும்பில் வருகிற நுண்ணிய வெடிப்பு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் படம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக ஓடவும் கூடாது. குதியை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் உயிர் போகிற நோ, நடக்க நடக்கக் குறையாமல் கூடுகிற நோ, படுத்திருக்கும்போதும் இரவில் எழுப்புகிற நோ, இவை வேறு கதை. விறுவிறுப்பும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பாக இருக்கலாம். இரண்டு குதியும் நொந்து, விடிய முதுகும் நெடுநேரம் விறைத்திருந்தால் வாதச் சம்பந்தமான வைத்தியரைப் பார்க்க வேண்டும். எனக்கு இதெல்லாம் இல்லை, அது என் அதிர்ஷ்டம். ஆனால் இவற்றைச் சோதிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாமல் நான் மூன்று மாதம் ஓடினேன்.

ஜூலை வந்தது. கச்சான் காற்று வீசி ஊரே காய்ந்து கிடக்கிற காலம். ஓட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் காலையில் கழிவறைக்குப் போகவே மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தனியார் வைத்தியசாலையில் ஸ்டெரொயிட் ஊசி போடலாம் என்றார்கள். எல்லாமாக 7,500 ரூபாய். ஊசி போட்டவர் நான் ஓடப் போகிறேனா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் பாடசாலைக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டேன். கட்டிலிலிருந்து இறங்கினால் நோவே இல்லாத காலையை ஐந்து மாதத்துக்குப் பிறகு நாலாம் நாள் கண்டேன். சந்தோசத்தில் மகளைத் தூக்கிச் சுற்றினேன். அன்று பின்னேரமே ஓடினேன்.

ஊசியை நான் குறை சொல்லவில்லை. சிலருக்குச் சில கிழமை ஆறுதல் தந்து, அந்த இடைவெளியில் பயிற்சி செய்யவும் உதவுகிறது. ஆனால் அது நாரைத் திருத்துவதில்லை, நோவை அடக்குகிறது. அந்த நாரையும் குதியின் அடியில் மெத்தை போல இருக்கிற கொழுப்பையும் பலவீனமாக்கவும் கூடும். ஊசிக்குப் பிறகு நார் கிழிவது வைத்தியர்களுக்குத் தெரிந்த ஆபத்து. அதைப் போட்டுக்கொண்டு கொஞ்சக் காலம் காலை ஆறவிடுவது ஒன்று. பதினெட்டாம் நாள் மலையிறக்கத்தில் ஓடுவது வேறொன்று. ஊசி எடுக்க நினைத்தால் வைத்தியரிடம் உங்கள் ஓட்டத் திகதியைச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால், பதில் உங்களுக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓட்ட நாள். முதல் பதினைந்து கிலோமீற்றரை வாழ்நாளில் மறக்க மாட்டேன், அவ்வளவு நன்றாக ஓடினேன். தம்பியை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். பதினேழாவது கிலோமீற்றரில் ஈரமான கல்லிறக்கம். இடது காலின் முன்பாதம் ஒரு வேரில் ஏறி, குதி கீழே தொங்கியது. படக் என்று ஒரு சத்தம். கம்பி அறுந்தது போலக் காலுக்குள்ளால் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாத வளைவில் நெருப்பு. ஊன்ற முடியவில்லை. முன்னும் பின்னும் யாரும் இல்லை, ஃபோனில் சிக்னல் இல்லை, உட்கார்ந்த இடத்தில் அட்டை ஏறுகிறது. பையில் விசில் இருந்தது. அதை ஊதக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு பத்து நிமிசம் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. பின்னால் வந்த ஒரு சிங்கள அண்ணா நின்று, தன் ஊன்றுகோல்கள் இரண்டையும் எனக்குத் தந்துவிட்டு, ஓட்டத்தை நடத்துகிறவர்கள் நிற்கிற அடுத்த சாவடிக்கு ஓடிப்போய்ச் சொன்னார். மூன்று கிலோமீற்றர், அதற்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. சாவடியில் என் ஓட்ட இலக்கத் துண்டைக் கழற்றி வாங்கினார்கள், ஓட்டம் அதோடு முடிந்தது. தம்பி பதக்கத்தோடு வந்து என்னைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அவனுடைய அந்தச் செயலைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

தம்புள்ளை, ஹபரணை என்று பஸ் மாறி வர முடியாத நிலை, வான் பிடித்து வந்தோம், 22,000. வீட்டுக்கு வரும்போது பாதத்தின் உள்வளைவு நீலம் பாரித்திருந்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்ததில் நார் பாதி கிழிந்திருந்தது. நாலு கிழமை முழங்கால் வரை கட்டுகிற கெட்டியான சப்பாத்து, அதற்கு 24,000. வைத்தியர் மூன்று பேரின் கட்டணம், ஸ்கான், எக்ஸ்ரே, இதுவரை சொன்ன மற்றச் செலவுகள் எல்லாம் கூட்டினால் 1,46,800 ரூபாய். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஊசி போடப் போனதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

காசே செலவழியாத இடத்தில்தான் எனக்கு வழி பிறந்தது. அரச வைத்தியசாலையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன், கட்டணம் எதுவும் இல்லை. அங்கிருந்த மிஸ் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னதை இன்றுவரை நான் வேதமாக வைத்திருக்கிறேன்: "ஓடேக்க நோகுதா எண்டு பாக்காதேங்கோ டீச்சர். அடுத்த நாள் விடிய முதல் அடி வைக்கேக்க எப்பிடி எண்டு பாருங்கோ. உங்கட கால் அப்பதான் உண்மையைச் சொல்லும்." ஒரு பழைய பாடக்குறிப்புக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு காலையும் முதல் அடியின் நோவைப் பூச்சியம் முதல் பத்து வரை குறிக்கச் சொன்னார். மூன்று வரை என்றால் அன்றைய ஓட்டம் திட்டப்படி. நாலு, ஐந்து என்றால் பாதித் தூரம், சமதரையில் மட்டும். அதற்கு மேல் என்றால் ஓட்டம் இல்லை. ஓடும்போது நாலு வரை நொந்தாலும் பரவாயில்லை, ஆனால் அடுத்த காலைக்குள் அது பழைய இலக்கத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் முதல்நாள் ஓடியது கூடிப்போய்விட்டது. இவ்வளவுதான் கணக்கு. இந்தக் கொப்பி 2024 மார்ச்சிலேயே என்னிடம் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

அவர் தந்த பயிற்சி இரண்டு. ஒன்று நீட்டல். விடிய எழும்பி, கால் தரையில் படுவதற்கு முதல், கட்டிலிலேயே இருந்து நோகிற காலை மற்றத் தொடையில் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி மடக்கி இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை, பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மற்றது, கிழிந்த நார் ஆறிய பிறகு தொடங்கியது. படியின் விளிம்பில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதில் ஏறி மேல்நோக்கி மடிந்திருக்கும்படி ஒற்றைக்காலில் நின்று, மூன்று எண்ணி மேலே எழும்பி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். பன்னிரண்டு தரம் மூன்று சுற்று என்று தொடங்கி, அது இலேசானதும் முதுகுப்பையில் பாரம் ஏற்றிப் பத்துத் தரம் நாலு சுற்று, பிறகு எட்டுத் தரம் ஐந்து சுற்று. நான் பையில் ஏற்றியது தரம் பதினொன்று விஞ்ஞானப் புத்தகங்கள். டென்மார்க்கில் இந்தப் பாரப் பயிற்சியையும் வெறும் நீட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் பாரம் தூக்கியவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள், ஒரு வருட முடிவில் இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே இடம். மிஸ் இதையும் ஒளிக்காமல் சொன்னார். எப்படியும் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடுகிற நோ இது. அந்த வருடத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. முதல் ஆறு கிழமை எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கொப்பியில் ஐந்து, ஆறு, ஐந்து என்றே போனது. எட்டாவது கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மூன்று விழுந்தது.

வீட்டில் செருப்புப் போடுகிற விசயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டவர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது எங்கள் வீடுகளுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்காது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நடக்காதே என்றால் எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. அம்மாவுக்கு முதலில் ஏற்கவே முடியவில்லை. "என்ர அம்மா செருப்பில்லாமல் கதிர்காமம் வரைக்கும் நடந்தவ, நீ குசினிக்குள்ள செருப்போட நிக்கிறாய்" என்றார். அம்மம்மா வெருகல் வழியாக மட்டக்களப்புக்கும் அங்கிருந்து காடு கடந்தும் நடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாதம் சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் வளர்ந்த பாதம், மணலிலும் மண்ணிலும் நடந்த பாதம். கடைசியில் வாசலுக்கு வெளியே ஒருநாளும் போகாத, 1,900 ரூபாய்க்கு வாங்கிய தடித்த அடியுள்ள ஒரு சோடிச் செருப்பை வீட்டுக்குள் மட்டும் என்று வைத்தேன். சாமியறை வாசலில் கழற்றுவேன். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்தில் எதுவும் தராத ஆறுதலை இந்த 1,900 தந்தது. கோயிலுக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். வெயில் ஏறி மேல்வீதிக் கல் கொதிக்கும் நேரத்தில் போவதில்லை. விடியப் பூசைக்குப் போய், ஒரு சுற்றோடு இருந்துவிடுகிறேன். முதல் நாள் குற்றவுணர்வாக இருந்தது. அம்மாதான், "கோணேசர் கால் நோவுக்குக் கோபிக்க மாட்டார், வா பிள்ளை" என்றார்.

ஓடாத மாதங்கள் மனதுக்குப் பொல்லாதவை. செப்டெம்பரில் எங்கள் பக்கக் கடல் இன்னும் அமைதியாக இருக்கும். தெரிந்த ஒரு படகுக்கார அண்ணாவிடம் லைஃப் ஜக்கெட் ஒன்றை இரவல் வாங்கி, உப்புவெளியில் கால் எட்டாத ஆழத்தில் மிதந்துகொண்டு ஓடுகிற மாதிரியே கையையும் காலையும் அடிப்பேன். கரையில் நிற்கிறவர்களுக்கு நான் தத்தளிக்கிறேன் என்று தோன்றி, இரண்டு தரம் ஆள் நீந்தி வந்திருக்கிறார்கள். தனியாக இதைச் செய்யாதீர்கள், கரையில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிக் கடல் கலங்கியதும் சைக்கிள். கன்னியா வெந்நீரூற்று வரை போய் வருவேன். மூச்சு விட்டுப்போகவில்லை, 2025 ஜனவரியில் ஒரு நிமிசம் ஓட்டம், இரண்டு நிமிசம் நடை என்று திரும்பத் தொடங்கியபோது நெஞ்சு அல்ல, கால்தான் பின்னால் நின்றது. மணலில் வெறுங்கால் ஓட்டம் அதோடு முடிந்தது. கோணேசர் ஏற்றத்தை இப்போது வேகமாக நடக்கிறேன், கிழமைக்கு ஒரு நாள், நாலு தரம். ஏற்றத்தை நடந்தாலும் தொடைக்கு வேலை கிடைக்கிறது, நார் இழுபடுவது குறைகிறது.

2025 ஓகஸ்டில் அதே மலைத்தொடரில் 12 கிலோமீற்றர் பிரிவில் ஓடினேன். அந்த ஓட்டத்துக்குத் தயாரான விதத்தை விரிவாகச் சொல்கிறேன், நோவோடு போட்டிக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தேவை. பதியும்போதே தூரத்தைப் பார்க்கவில்லை, நேர வரம்பைப் பார்த்தேன். முழுவதும் நடந்தாலும் முடிக்கக்கூடிய வரம்பா என்று. அடுத்தது, வரமுடியாமல் போனால் காசைத் திருப்பித் தருவார்களா, அடுத்த வருடத்துக்கு மாற்றுவார்களா என்று கட்டுவதற்கு முதல் எழுத்தில் கேட்டேன். கட்டிய காசு போய்விடுமே என்ற எண்ணம்தான் போன வருடம் என்னைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தியது. பாதையின் படத்தில் எந்தச் சாவடியிலிருந்து வாகனத்துக்கு இறங்கலாம் என்று குறித்து வைத்தேன். ஊன்றுகோல் ஒரு சோடி வாங்கி, இரண்டு மாதம் அதோடு பழகினேன். இறக்கத்தில் காலுக்குப் போகிற பாரத்தில் கொஞ்சத்தைக் கை வாங்கும். பாதத்தின் அடியில் ஒட்டுகிற கெட்டிப் பிளாஸ்டரை மிஸ் ஒட்டிக் காட்டினார். அதை நீண்ட பயிற்சி நாட்களில் மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டத்துக்குப் போட்டேன், ஏனென்றால் ஈரத்தில் உரிந்தால் அதே பிளாஸ்டர் கொப்புளம் போட்டுவிடும். குதி சற்று உயர்ந்த பழைய சப்பாத்துக்குத் திரும்பியிருந்தேன். முடிவில் போட வீட்டுச் செருப்பையும் பையில் வைத்தேன்.

நோ மாத்திரை எடுக்கவில்லை. போன வருடம் எடுத்திருந்தேன், தொடங்குவதற்கு முதல் ஒன்று, வழியில் ஒன்று. வியர்த்து உடலில் தண்ணீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குக் கேடு. அதோடு, நிற்கச் சொல்லி உடம்பு கத்துவதையும் கேட்கவிடாமல் செய்கிறது. விசிலைப் பைக்குள் போடவில்லை, தோள்பட்டையில் கட்டினேன். தம்பி இந்த முறை என்னை விட்டுப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. அந்தக் கல்லிறக்கத்துக்கு வந்தபோது கால் நடுங்கியது. நோவால் இல்லை, பயத்தால். நின்று, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் திரும்பி, கோலை ஊன்றி ஒவ்வொரு கல்லாக இறங்கினேன். எங்களைத் தாண்டி இருபது பேருக்கு மேல் போனார்கள். 2 மணித்தியாலம் 41 நிமிசத்தில் முடித்தேன். தம்பி இரண்டு பதக்கங்களையும் என் கழுத்திலேயே போட்டான்.

அடுத்த நாள் காலை கொப்பியில் நாலு. இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் இரண்டு.

முற்றாக மாறிவிட்டதா என்று பாடசாலையில் கேட்கிறார்கள். இல்லை. பரீட்சை மேற்பார்வைக்கு நாள் முழுக்க நின்றால், அல்லது பயிற்சியை ஒரு கிழமை விட்டால், காலையில் மூன்று, நாலு என்று எட்டிப் பார்க்கும். இப்போது அது என்னைப் பயமுறுத்துவதில்லை. வகுப்பில் ஒரு உயரமான கதிரை வைத்திருக்கிறேன், சேலைக்குத் தடித்த அடிச் செருப்புப் போடுகிறேன், கொப்பியைப் பார்க்கிறேன். இவருக்கும் கொப்பி எங்கே இருக்கிறது என்று தெரியும், சில நாள் நான் எழும்புவதற்கு முதலே, "இண்டைக்கு எத்தினை?" என்று கேட்பார்.

தம்பி அடுத்த ஓட்டத்துக்கு 20 கிலோமீற்றர் பிரிவில் இருவருக்கும் பதியவா என்று கேட்டிருக்கிறான். மூன்று கிழமைக் காலைகள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போகாவிட்டால் பதிவேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று பதினோராவது நாள்.